பழைய காருக்கு பெட்ரோல் பம்ப் கட்-ஆஃப் சுவிட்ச் பொருத்தும் முறை

கத்திரி வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்ந்து செல்லும் அம்பாசிடரோ பத்மினியோ திடீரென்று உயிரை விடுவதும், ஓட்டுநர் போனட்டைத் திறந்து ஏசி பம்பின் (என்ஜினே இயக்கும் பழைய வகைப் பெட்ரோல் பம்ப்; குளிர்சாதனத்தைச் சேர்ந்ததன்று) மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்த காட்சி. என்ஜினோடு ஒட்டியிருக்கும் அந்தப் பம்பிலும் அதற்கு வரும் குழாயிலும் பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிடுகிறது. திரவத்தை இழுப்பதற்காகச் செய்யப்பட்ட பம்பால் ஆவியை இழுக்க முடிவதில்லை. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 20 சதவீதத்தை எட்டிவிட்ட பிறகு இந்தத் தொல்லை கூடியிருப்பதாகவே பலரும் உணர்கிறார்கள். அதனால் ஏசி பம்பைக் கழற்றிவிட்டு, டேங்குக்கு அருகில் ஒரு 12 வோல்ட் எலக்ட்ரிக் பம்பைப் பொருத்திக்கொள்வது இங்கே பரவலான வழக்கமாகிவிட்டது. வெயிலுக்கு அது நல்ல மருந்துதான். டேங்கின் பக்கத்திலிருந்து தள்ளப்படும் பெட்ரோல், என்ஜின் சூட்டில் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை.

ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு பாதுகாப்பு சத்தமில்லாமல் கைவிட்டுப் போகிறது. ஏசி பம்பை இயக்குவது என்ஜினின் கேம் ஷாஃப்ட். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்புக்கு என்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பது தெரியாது. இக்னிஷன் சாவி திறந்திருக்கும் வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் நசுங்கும் விபத்தொன்றில் கார்பரேட்டருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் பிய்ந்துவிட்டது, ஓட்டுநர் காயமடைந்து சாவியைத் திருப்ப முடியாத நிலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பம்ப் டேங்கில் உள்ளதையெல்லாம் சூடான என்ஜின் மேல் கொட்டும். அம்பாசிடரில் வரும் பழைய 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜினில் கார்பரேட்டரும் சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் ஆபத்து விளங்கும். ஆகவே எலக்ட்ரிக் பம்ப் பொருத்திய எந்தப் பழைய காரும், மோதலின்போது பம்பின் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மோரிஸ் மைனர் போல, தொழிற்சாலையிலிருந்தே எஸ்யூ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் எலக்ட்ரிக் பம்போடு வந்த கார்களுக்கும் இது பொருந்தும். அவை தயாரான காலத்தில் அத்தகைய ஏற்பாடு எதுவும் அவற்றில் கிடையாது.

இந்த வேலைக்குரிய பொருள் இனெர்ஷியா சுவிட்ச் எனப்படுவது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு, அதன் தலையில் ஒரு ரப்பர் பொத்தான், கீழே மூன்று பின்கள். கூட்டுக்குள் புனல் வடிவக் குழி ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஓர் எஃகு உருண்டையைக் காந்தம் பிடித்து வைத்திருக்கிறது. கார் எதிலாவது பலமாக மோதும்போது உருண்டை காந்தத்தின் பிடியை மீறிப் புனலின் சுவரில் ஏறி, மேலே உள்ள தகட்டைத் தட்டிவிடும். தகடு நகர்ந்ததும் மின் இணைப்பு அறுபடும், பொத்தான் மேலே எழும்பும். பொத்தானை மீண்டும் அழுத்தினால் இணைப்பு திரும்பிவிடும். புனல் வட்டமாக இருப்பதால் முன்னிருந்து வந்தாலும் பக்கவாட்டில் வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும் மோதலை அது உணரும். மின்னணு உறுப்பு எதுவும் உள்ளே இல்லை; சென்னையின் வெயிலிலும் புழுக்கத்திலும் இதை நம்பலாம் என்று நான் சொல்வதற்கு அந்த எளிமையே காரணம்.

ஃபோர்டு, லேண்ட் ரோவர், ஜாகுவார் ஆகிய நிறுவனங்களின் பல மாடல்களில் இந்தச் சுவிட்ச் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. எனவே புதிதாக வாங்குவதென்றால் ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் அந்தக் கார்களின் பெயரைச் சொல்லிக் கேட்பது, 'இனெர்ஷியா சுவிட்ச்' என்று பொதுவாகக் கேட்பதைவிட விரைவாகப் பலன் தரும். புதுப்பேட்டையில் உடைக்கப்படும் கார்களிலிருந்து கழற்றியதும் கிடைக்கக்கூடும். கழற்றியதை வாங்கினால் அதனோடு சேர்ந்த சாக்கெட்டையும், சாக்கெட்டில் ஒரு சாண் நீள ஒயரையும் விட்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். சாக்கெட் இல்லாத சுவிட்சுக்குத் தனித்தனி லக்குகளை (ஒயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனைகள்) மாட்டி வைத்தால் அவை குலுங்கலில் தளரும். கூட்டில் கீறலோ வெடிப்போ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு பொருளைப் புதிதாக வாங்குவதே சரி, ஏனென்றால் உயிர் போகும் நேரத்தில் ஒரே ஒரு முறை வேலை செய்வதற்காகத்தான் இதை வாங்குகிறோம்.

சுவிட்சைத் தவிர தேவைப்படுபவை: வாகனங்களுக்கான 2 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், மூடியுள்ள ஃப்யூஸ் ஹோல்டர் ஒன்று, ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடேற்றினால் சுருங்கி ஒயரைக் கவ்வும் உறை), ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பு ஒயரை வெட்டாமல் காக்கும் வளையம்), மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், தேவையானால் நான்கு பின் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்). மல்டிமீட்டரும் ஹீட் ஷ்ரிங்கும் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். வீட்டு மின்வேலைக்கான ஒயரைக் காரில் பயன்படுத்த வேண்டாம். அதன் இழைகள் தடிமனானவை, ஓயாத அதிர்வில் முறியும், அதன் மேலுறை எண்ணெயையும் சூட்டையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று.

வாங்கி வந்த சுவிட்சைக் காரில் பொருத்துவதற்கு முன் மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். மூன்று பின்களில் ஒன்று பொதுப் பின். இன்னொன்று சாதாரண நிலையில் அதனோடு இணைந்திருந்து மோதலில் அறுபடுவது. மூன்றாவது சாதாரண நிலையில் அறுபட்டிருந்து மோதலில் இணைவது. எந்தப் பின் எது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறக்கூடும் என்பதால், யாரோ சொன்ன வரிசையை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்துகொள்வதே முறை. பொத்தானை அழுத்திவிட்டு, எந்த இரண்டு பின்களுக்கிடையே மீட்டர் ஒலிக்கிறது என்று பாருங்கள். பிறகு சுவிட்சை நிமிர்ந்த நிலையில் இறுகப் பிடித்து, அதன் பக்கவாட்டை இன்னொரு உள்ளங்கையில் ஓங்கித் தட்டுங்கள். உள்ளே உருண்டை ஏறி விழும் ஒலி விரலுக்கே தெரியும், பொத்தான் எழும்பும், மீட்டரின் ஒலி நிற்கும். அந்த இரண்டு பின்களே நமக்கு வேண்டியவை. அவற்றின் மேல் கூட்டிலேயே மார்க்கரால் குறியிட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது பின்னில் ஒரு சிறிய எச்சரிக்கை விளக்கை இணைத்துக்கொள்ளலாம். சுவிட்ச் விழுந்துவிட்டதை, அதாவது இணைப்பைத் துண்டித்துவிட்டதை, ஓட்டுநருக்கு அது காட்டும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. சுவிட்ச், காரின் உடல் உணரும் அதிர்ச்சியை அப்படியே உணர வேண்டும். எனவே அது உறுதியான தகட்டில், பொத்தான் மேல்நோக்கியிருக்க, செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்துப் பொருத்தினால் ஒரு பக்கம் சிறிய ஆட்டத்திலேயே விழும், மறுபக்கம் பெரிய மோதலிலும் விழாமல் போகக்கூடும். என்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையே உள்ள ஃபயர்வாலின் உட்புறம், டேஷ்போர்டுக்குக் கீழே, தகடு மடிந்து இரட்டையாக இருக்கும் ஓரம் இதற்கு மிகப் பொருத்தமான இடம். டேஷ்போர்டின் மெல்லிய அடித்தகடு, கிளவ் பாக்ஸ், கதவுத் தூணை ஒட்டிய அட்டை போன்றவை ஆகாது. அவை தாமாகவே அதிரும். கையால் அந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: டங்கென்று முழங்கும் இடம் வேண்டாம், கட்டையைத் தட்டியது போல் அடங்கி ஒலிக்கும் இடமே வேண்டும். என்ஜின் மீதோ, முதல் அடியிலேயே நசுங்கிப்போகும் முன் ஃபெண்டரின் உட்புறத்திலோ ஒருபோதும் பொருத்த வேண்டாம்.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு கவனங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய தெருக்களைக் கடக்கும்போது பழைய கார்களின் கதவு ரப்பர் வழியாகக் கால்வைக்கும் இடத்தில் நீர் புகும். அந்த நீர்மட்டத்துக்கு மேலே சுவிட்ச் இருக்க வேண்டும். மறுபுறம், முன் இருக்கையில் அமர்பவரின் காலணி உதைக்கும் இடத்திலும் அது இருக்கக் கூடாது. ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே குனிந்து தொடும் தொலைவில், முழங்காலுக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அமைந்துவிடும்.

துளை போடுவதற்கு முன் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம்: 1960-களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வம்சத்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். உங்கள் காரில் எந்த முனையின் கேபிள் பாடியில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து அதைக் கழற்ற வேண்டும். இனெர்ஷியா சுவிட்சுக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு கிடையாது; பாசிட்டிவ் எர்த் காரிலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் மின்னணு எலக்ட்ரிக் பம்புகளுக்கும், உள்ளே டையோடு வைத்த ரிலேக்களுக்கும் அந்த வேறுபாடு உண்டு, மாற்றிக் கொடுத்தால் அவை அந்த நொடியே பழுதாகும். ஃபயர்வாலில் துளை போடும்போது மறுபக்கம் பிரேக் குழாயோ ஒயர் கட்டோ செல்கிறதா என்று இன்னொருவரை டார்ச்சுடன் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். துளையின் விளிம்பில் துருத் தடுப்பு பெயிண்ட் தடவி, ஒயர் செல்லும் இடத்தில் குரோமெட் போட வேண்டும். வேலை நடக்கும் இடம் காற்றோட்டமாக இருப்பதும், அருகில் தீயணைப்பான் இருப்பதும் கட்டாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே அடுக்குமாடி வீட்டின் பேஸ்மென்ட் பார்க்கிங் இந்த வேலைக்கு ஏற்ற இடமன்று.

இனி ஒயரிங். தத்துவம் எளிமையானது: இக்னிஷனிலிருந்து பம்புக்குச் செல்லும் மின்சாரம், முதலில் ஃப்யூஸ் வழியாகவும் பிறகு இனெர்ஷியா சுவிட்ச் வழியாகவும் சென்ற பின்னரே பம்பை அடைய வேண்டும். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் முறையில் ஒயரிங் செய்யப்பட்ட கார்களில் நிறங்களே வழிகாட்டும். பழுப்பு ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கும் பேட்டரி இணைப்பு, வெள்ளை ஒயர் சாவி திறந்ததும் உயிர்பெறும், ஆனால் ஃப்யூஸ் வழியாக வராதது, பச்சை ஒயர் சாவியையும் ஃப்யூஸையும் கடந்து வருவது, கறுப்பு எர்த். பிஎம்சி கார்களில் பெட்ரோல் பம்ப் வெள்ளை ஒயரில்தான், அதாவது ஃப்யூஸ் பாதுகாப்பே இல்லாமல் இணைக்கப்பட்டிருக்கும். இதைத் தொழிற்சாலை அமைப்பு என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். காரின் முன்பக்கத்திலிருந்து டேங்க் வரை கம்பளத்துக்குக் கீழே ஓடும் அந்த ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால், ஃப்யூஸ் இல்லாத நிலையில் ஒயர் முழுவதும் பழுக்கும். வெள்ளை ஒயரிலிருந்து கிளை எடுக்கும் இடத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், தனி ஃப்யூஸ் ஒன்றைப் பொருத்துங்கள். பழைய லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதிதான். அந்தக் கணக்கைக் குழப்பிக்கொள்ளாமலிருக்க, இக்காலத்து பிளேடு ஃப்யூஸைப் பயன்படுத்துவது நல்லது. எஸ்யூ பம்புக்கும், கடைகளில் கிடைக்கும் சிறிய கார்பரேட்டர் பம்புகளுக்கும் 5 முதல் 7.5 ஆம்பியர் போதும்.

அப்படிப்பட்ட சிறிய பம்புகளுக்கு ரிலே தேவையில்லை. அவை எடுக்கும் மின்சாரத்தை இனெர்ஷியா சுவிட்ச் நேரடியாகவே தாங்கும். ஃப்யூஸிலிருந்து வரும் ஒயரைக் குறியிட்ட ஒரு பின்னிலும், பம்புக்குச் செல்வதை மற்றொரு பின்னிலும் இணைத்தால் முடிந்தது. இன்ஜெக்ஷன் உள்ள 1970, 80-களின் ஜெர்மன் கார்களில் இருப்பது போன்ற உயர் அழுத்தப் பம்ப் என்றால் ரிலே வேண்டும்: 30-ஆம் பின்னுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, 87-ஆம் பின்னிலிருந்து பம்புக்கு, 86-க்கு இக்னிஷனிலிருந்து, 85-லிருந்து எர்த்துக்கு. இந்த அமைப்பில் பலரும் இனெர்ஷியா சுவிட்சை 86-க்கு வரும் சிறிய மின்சாரத்தில் பொருத்திவிடுகிறார்கள். வேலை செய்யும், ஆனால் ரிலேயின் உள் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், சுவிட்ச் விழுந்தும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். சுவிட்சின் மேல் எழுதியுள்ள ஆம்பியர் அளவு பம்பின் தேவையைவிடப் போதுமான அளவு கூடுதலாக இருக்குமானால், 87-க்கும் பம்புக்கும் இடையே உள்ள ஒயரிலேயே அதைப் பொருத்துங்கள். மின்சாரத்தைக் கடைசியாக அறுக்கும் அதிகாரம், மோதலை உணரும் உறுப்பிடமே இருக்க வேண்டும்.

இணைப்புகளில் ஒயரை முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை இந்த ஒரு சர்க்யூட்டிலாவது விட்டுவிட வேண்டும். சரியான பிளையரால் லக்கை அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, முனைகளில் மெல்லியதாக வேஸ்லின் தடவுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்காற்று வீசும் பகுதிகளில் மூடாத செப்பு முனை பச்சைப் பூத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். பின்னால் செல்லும் ஒயரை எக்ஸாஸ்ட் குழாய் ஓடாத பக்கமாகக் கொண்டுசென்று, ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் போடுங்கள். பம்பின் எர்த் ஒயரையும் மறக்க வேண்டாம்; பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற தகட்டில் போல்ட் செய்ய வேண்டும்.

பேட்டரியை மீண்டும் இணைத்த பிறகு சோதனை. எஸ்யூ பம்ப் உள்ள காரில், சாவியைத் திறந்ததும் டிக், டிக், டிக் என்று ஓடி, கார்பரேட்டர் நிரம்பியதும் பம்ப் தானாகவே அடங்கிவிடும். ஆகவே பம்பின் ஒலி நின்றதை வைத்து, சுவிட்ச் துண்டித்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பம்பின் மின் முனையில் டெஸ்ட் லேம்பை மாட்டி, இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சுவிட்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றிச் சுவிட்சை உள்ளங்கையில் தட்டுங்கள். விளக்கு அணைய வேண்டும். பொத்தானை அழுத்தியதும் எரிய வேண்டும். அணையவில்லை என்றால் பம்புக்கு வேறு வழியாக மின்சாரம் வருகிறது என்று பொருள். பழைய கார்களில் முன்பு எவரோ இழுத்துவிட்ட நேரடி ஒயர் ஒன்று கம்பளத்தின் கீழ் ஒளிந்திருப்பது அரிதன்று. அதைக் கண்டுபிடித்து நீக்கும் வரை வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். பம்ப் ஓடும்போது ஃப்யூஸின் பேட்டரிப் பக்க முனைக்கும் பம்பின் மின் முனைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாட்டை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை.

பிறகு சில நாட்கள் காரை வழக்கமான வழிகளில் ஓட்டுங்கள். வேகத்தடைகளிலும், மெட்ரோ பணிக்காகத் தோண்டப்பட்ட சாலைகளிலும் சுவிட்ச் விழாமல் இருக்க வேண்டும். பள்ளத்தில் விழும் அதிர்ச்சி பெரும்பாலும் மேலும் கீழுமாக வருவது. சரியாகப் பொருத்திய சுவிட்சை அது சாதாரணமாக அசைப்பதில்லை. அடிக்கடி விழுகிறதென்றால் பழி பெரும்பாலும் தளர்ந்த போல்ட்டின் மீதோ, அதிரும் தகட்டின் மீதோ, சாய்வின் மீதோதான் இருக்கும். எரிச்சலில் சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராக இணைத்துவிடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

இந்தச் சுவிட்சால் ஆகாத ஒன்றும் உண்டு. மோதல் மென்மையாக இருந்து உருண்டை நகராமல் போய், ஆனால் ஹோஸ் மட்டும் கழன்று என்ஜின் நின்றுவிட்டால், பம்ப் தொடர்ந்து ஓடும். அதற்கு இரண்டாவது காவலாக ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒன்றை அமைக்கலாம்: என்ஜினில் ஆயில் அழுத்தம் இருந்தால் மட்டுமே பம்புக்கு மின்சாரம் போகும், ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் சொலினாய்டிலிருந்து ஒரு துணை ஒயர் கொடுக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் துடிப்பை உணர்ந்து, துடிப்பு நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலேக்களும் இருக்கின்றன. வாய்ப்புள்ளவர்கள் இரண்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஹோஸ்கள்: எத்தனாலுக்குத் தாங்கும் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸையே வாங்கி, பழையவற்றை முழுவதுமாக மாற்றுங்கள், விரலால் மடக்கினால் நுண்ணிய வெடிப்பு தெரியும் ஹோஸ் ஒன்று காரில் இருக்கும்போது சுவிட்சைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஏசி பம்பையே இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுவிட்ச் பம்பின் வழியில் தேவையில்லை.

கடைசி வேலை, காரை ஓட்டும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவைப்பது. டிரைவர், மகன், மருமகள், வார இறுதியில் இரவல் கேட்கும் மச்சான் என யாராக இருந்தாலும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைக் கையால் தொட வைத்துக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு சிறு வில்லையில் 'பெட்ரோல் கட்-ஆஃப்: கசிவு பார்த்த பிறகே அழுத்தவும்' என்று எழுதி ஒட்டுங்கள். கார் எதிலாவது இடித்து நின்றுவிட்டால் முதலில் சாவியை மூடி, எல்லோரையும் இறக்கி, அடியில் ஈரம் தெரிகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாடை லேசாக வந்தாலும் பொத்தானைத் தொடாமல், காரை மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், சுவிட்சைக் கழற்றித் தட்டிப் பார்த்து, பின்களைத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள்.